காளை எங்கே நின்றது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் ஜீவானந்தத்துக்கு ஒரு கதை வேண்டும். முழுக்கதை அல்ல. கால் மணி நேரம் சொல்லக்கூடிய ஒரு துண்டு போதும். அது கிடைக்காவிட்டால் கலைவாணி கிடைக்கமாட்டாள்.

இன்று திங்கள்.

ஜீவானந்தம் அமிர்தியில் லோடு வண்டி ஓட்டுகிறான். வயது இருபத்தெட்டு. வாரம் இருமுறை ஜமுனாமரத்தூருக்கு ஏறி, அங்கே மகளிர் குழு நடத்தும் மில்லில் சாமை அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேலூருக்கு இறங்குவான். அந்த மில்லில் மூட்டைகளை எடை போடுகிறவள் கலைவாணி. ஏற்றுவதற்கு இருபது நிமிடம் போதும். அவன் வண்டி இரண்டு மணி நேரம் நிற்கும். டயரில் காற்று குறைவு என்பான், ரேடியேட்டர் சூடு என்பான். ஒன்றரை வருடமாக ஒரு வண்டிக்கு இத்தனை வியாதி வராது என்று மில்லில் இருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் தெரியும்.

முறைப்படி பெண் கேட்க நேற்றுத்தான் குருந்தம்பட்டுக்குப் போனார்கள். ஜீவானந்தத்தின் அம்மா கன்னியம்மாள், அவளுடைய தம்பி கோபால்சாமி, அவன். மூன்றே பேர். அப்பா ராஜேந்திரன் அவனுடைய ஒன்பதாவது வயதிலேயே இறந்துவிட்டார்.

கலைவாணியின் அப்பா ராஜாக்கண்ணு எல்லாவற்றையும் நிதானமாக விசாரித்தார். சொந்த வண்டி. குடிப்பழக்கம் இல்லை. மலையிலிருந்து இறங்கிப் போன குடும்பம்தான், கும்பிடுகிற சாமியும் சரியாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், மோர் குடித்து முடித்ததும் கடைசியாக ஒன்று கேட்டார்.

"காளை உங்க ஊர்ல எங்க நின்னுச்சு?"

கோபால்சாமி பெருமையாகப் பதில் சொன்னார். "காளையா? எங்க பக்கம் எல்லாம் டிராக்டர்தாங்கண்ணே."

ராஜாக்கண்ணு சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. பூவாயி என்று ஒருத்தி. விதைக்கிற நாளன்று விடிந்து பார்த்தால் அவளுடைய ஜோடி மாட்டில் ஒன்றைக் காணவில்லை. முளைக்குச்சி பிடுங்கப்படவில்லை. கயிறு அறுபடவில்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள், அதுவும் இடது கையால். அந்த இடக்கைக்காரனைப் பிடிக்காமல் திரும்புவதில்லை என்று மிச்சமிருந்த மாட்டை ஓட்டிக்கொண்டு பூவாயி மலையேறுகிறாள்.

எப்போது ஏறினாள் என்பது யாருக்கும் தெரியாது. வாரப் பத்திரிகை வருவதற்கு முன், அச்சு வருவதற்கு முன், எழுத்து இந்த மலைப்பாதையில் கால் வைப்பதற்கும் முன் தொடங்கிய தொடர்கதை அது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து ஊர்கள் பதினான்கு. ஊருக்கு ஒரு பங்கு. காளையின் தடம் அந்த ஊர் எல்லையில் எங்கே தெரிந்தது, பூவாயி அங்கே என்ன கண்டாள் என்பதை அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் சொல்லலாம். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது ஒருத்தி சொல்லிக்கொண்டே முன்னால் போவாள், மற்றவர்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு பங்கும் மூச்சு நிற்கிற இடத்தில்தான் நிற்கும். அதற்கு மேல் ஒரு வரி சொல்லக்கூடாது. அது அடுத்த ஊரின் சொத்து. கேட்க வேண்டுமானால் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதுதான்.

மலையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தையில் சந்தித்தால் பேரைக் கேட்பதில்லை. காளை உங்க ஊர்ல எங்க நின்னுச்சு என்பார்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். எந்த ஊர், யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் பங்காளி, யாரோடு கொள்வினை, யாரோடு கூடாது. ரேஷன் கார்டில் இல்லாத விவரம்கூட அதில் இருக்கும்.

ஜீவானந்தத்தின் தாத்தா சிறுவனாக, மூங்கில் வெட்டும் குத்தகைக்காரரோடு தனியாக இறங்கி வந்தவர். மேலேயிருந்து வந்தோம் என்றாரே தவிர, மேலே எங்கே என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். கன்னியம்மாளும் கீழேயே பிறந்தவள். ஆக அந்த வீட்டில் யாருக்கும் காளை எங்கே நின்றது என்று தெரியாது.

ராஜாக்கண்ணு பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். பிடிவாதம் இல்லை, பயம். ஒருவேளை இவர்கள் பங்காளி ஊர்க்காரர்களாக இருந்துவிட்டால்? அண்ணனுக்கே தங்கையைக் கட்டிக்கொடுத்த பாவம் தன் தலையில் விழும். வருகிற ஞாயிறு சொந்தக்காரர்களைக் கூட்டி வைக்கிறேன், உங்கள் பங்கைத் தெரிந்துகொண்டு வந்து சபையில் சொல்லுங்கள், தேதி குறித்துவிடலாம் என்றார். தெரியவில்லை என்றால்? சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

திங்கள் மதியம் கலைவாணி போன் செய்தாள். குருந்தம்பட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறை மேல்தான். அதில் நின்றுகொண்டு அவள் சுருக்கமாகப் பேசினாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாத. எங்கப்பா ஊரு தெரியாதவனுக்குக்கூட எறங்கி வருவாரு. பொய்க்காரனுக்கு வரமாட்டாரு."

சரி என்றான். மனமார்ந்த சரிதான். சனிக்கிழமை வரை தாங்கியது.

*

செவ்வாய் காலை பைக்கை எடுத்தான். நான்கு நாளில் ஐந்து ஊர். போன இடமெல்லாம் தாத்தா பேரைச் சொல்லி விசாரித்தான். அறுபது வருடத்துக்கு முன் மூங்கில் வெட்டப் போன பையனை யாருக்கு நினைவிருக்கும்? உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் கதை என்றதும் முகம் மலர்ந்தது. தங்கள் பங்கைச் சொல்லாமல் ஒரு ஊரிலும் அவனை விடவில்லை. ஒரு ஊரில் களி போட்டுச் சொன்னார்கள். இன்னொரு ஊரில் சொல்லிவிட்டுப் பலாச்சுளை கொடுத்தார்கள். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை, ஜமுனாமரத்தூர் சந்தையில், பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த குப்பனிடம் போய் மாட்டினான்.

குப்பனுக்கு ஊர் இலுப்பக்கொல்லை. ஆள் ஒல்லி, குரல் கனம். காளை உங்க ஊர்ல எங்க நின்னுச்சு என்று ஜீவானந்தம் கேட்டதும் வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

பாறைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழில் ஒருவன் திருடன். எவன்? பூவாயி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பு மூட்டினாள், கூழ் காய்ச்சினாள், ஏழு பேருக்கும் ஊற்றினாள். எந்தக் கையால் குடிக்கிறான் என்று பார்த்துவிட்டால் போதும். முதல் ஆள் வலது கை. இரண்டாம் ஆள் வலது கை. ஆறு பேரும் வலது கை. ஏழாவது ஆள் கூழைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் கம்பளிக்குள் வைத்திருந்தான். பசிக்கலையா என்றாள் பூவாயி. அவன் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டான். அவள் கம்பளியைப் பிடித்து இழுத்தாள்.

குப்பன் எழுந்து பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

ஜீவானந்தம் அவன் பின்னாலேயே ஓடினான். கம்பளிக்குள் என்ன? குப்பன் காதைப் பொத்திக்கொண்டான். ஊமப்பாறைக்குப் போய்க் கேளு, அது அவங்களுது என்றான். எவ்வளவு தூரம்? பதினோரு கிலோமீட்டர், பாதி ரோடு, பாதி கல்லு.

போனான். அன்று மில்லில் ஏற்ற வேண்டிய மூட்டையை மறந்துவிட்டுப் போனான். ஊமப்பாறைக்காரர்கள் முதல் வரியிலேயே கம்பளிக்குள் இருந்ததைச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் தொண்டைக்குழி வரை குளிர்ந்தது.

சனிக்கிழமை வீட்டில் இயர்போனை மாட்டிக்கொண்டு குப்பன் சொன்னதை நான்கு முறை கேட்டான். ஐந்தாவது முறை கேட்கும்போது அந்த எண்ணம் வந்தது. தாத்தா இலுப்பக்கொல்லையிலிருந்து இறங்கியிருக்கக்கூடாதா? கூடாது என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கேட்டதிலேயே நல்ல பங்கு இதுதான். இதைச் சொன்னால் சபையே ஆடிப்போகும்.

அம்மாவிடம் கிடைத்துவிட்டது என்றான். கலைவாணியிடமும் அதையே சொன்னான். யார் சொன்னது, எந்த ஊர் என்று அவள் கேட்பதற்குள் பாறையில் சிக்னல் போயிற்று. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

*

ஞாயிறு. ராஜாக்கண்ணு வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மொச்சைக் குழம்பு கொதிக்கும் வாசனை. பெண்கள் பக்கம் நடுநாயகமாக ராஜாக்கண்ணுவின் அக்கா சாந்தம்மாள். அவளைக் கட்டிக்கொடுத்தது பதினான்காவது ஊரான மொட்டவிளிம்பில். காலை பஸ்ஸைத் தவறவிட்டு ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்திருந்தாள். கலியாணப் பேச்சில் பெண்ணின் அத்தைக்குத்தான் பாதி அதிகாரம். மீதிப் பாதியையும் சாந்தம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வழக்கப்படி பெண் வீட்டார் முதலில் சொன்னார்கள். ராஜாக்கண்ணு எழுந்து குருந்தம்பட்டுப் பங்கைச் சொன்னார். குளம்புத் தடம் குருந்த மரத்தடிக்கு வருகிறது. அங்கிருந்து செங்குத்தான பாறை மேல் ஏறுகிறது. பாறைக்கு அந்தப் பக்கம் காளையின் மணிச் சத்தம். ஆனால் திருடன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன மணி பூவாயியின் கையில் அல்லவா இருக்கிறது? நிறுத்தினார். உட்கார்ந்தார். அதே கதையை நாற்பது வருடமாகக் கேட்கிறவர்கள்கூட ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜீவானந்தம் எழுந்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"பாறைக்கு அந்தாண்ட ஏழு பேரு உக்காந்திருந்தாங்க."

சபை ஒரே நொடியில் அடங்கியது. ஆரம்பமே பிடித்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். வாசல் பக்கம் நின்ற கலைவாணி தலையில் கை வைத்ததை அவன் பார்க்கவில்லை. கூழைக் காய்ச்சினான். ஊற்றினான். ஒவ்வொரு கையாகக் காட்டினான். குப்பன் குரலை இறக்கிய இடத்தில் இறக்கி, ஏற்றிய இடத்தில் ஏற்றினான். கம்பளியைப் பிடித்து இழுத்தாள் என்ற இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அவனால் முடியவில்லை. அதை அறிந்துகொள்ளப் பதினோரு கிலோமீட்டர் கல்லில் போனவன் அவன். வாய் தானாக ஓடிவிட்டது.

"கம்பளிக்குள்ள கையே இல்ல. கன்னுக்குட்டி."

உள்ளே குழம்பு கொதிக்கும் சத்தம்தான் கேட்டது.

ராஜாக்கண்ணு மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "இலுப்பக்கொல்லையா நீ? அந்த ஊரும் இந்த ஊரும் ஒரு வயித்துப் புள்ளைங்க தம்பி. நடுவுல ஓடை மட்டும்தான். அப்ப நீ எனக்கு மவன் முறை. கலைவாணிக்கு அண்ணன்." கொஞ்சம் நிறுத்தினார். "வந்தது சந்தோசம். கலியாணத்துக்கு அண்ணன் சீரு செஞ்சுடு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கோபால்சாமி எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, திரும்ப உட்கார்ந்தார். ஜீவானந்தத்துக்குக் காதெல்லாம் சூடாயிற்று. குருந்தம்பட்டில் மாடு மேய்க்கிற பிள்ளைகூட அறிந்த விஷயம் அது. ஐந்து ஊர் சுற்றியவன் அதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. இந்த நிமிடம் முதல், சபை அறிய, அவன் கலைவாணிக்கு அண்ணன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சாந்தம்மாள்.

"ராஜாக்கண்ணு, கடைசியா இன்னா சொன்னான் அவன்?"

கன்றுக்குட்டி என்றான் என்றார் ராஜாக்கண்ணு.

"இலுப்பக்கொல்லையில பொறந்தவன் எவனாவது அத வாயால சொல்லுவானா? கம்பளிய இழுத்தாளுன்னதும் பல்லக் கடிச்சுக்குவான். ஊமப்பாறைப் பங்கையும் சேத்து வாரிகினு வந்திருக்கான் பாரு. இவன் பங்காளி இல்லடா. திருடன்."

தார்ப்பாய் கிழிகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. இலுப்பக்கொல்லைக்காரர் ஒருவர், இது குப்பன் பயல் வேலை, சந்தையில யார் கேட்டாலும் ஆரம்பிச்சுடுவான் என்று சத்தியம் செய்தார். ராஜாக்கண்ணுவின் முகத்திலும் ஒரு கணம் நிம்மதி தெரிந்தது. அண்ணன் இல்லை. அந்த அளவுக்கு நல்லது. ஆனால் நிம்மதி வந்த வேகத்திலேயே போயிற்று. அண்ணன் இல்லாவிட்டால் வேறு யார்?

ஜீவானந்தம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஐந்து ஊர், போன், இயர்போன், நான்கு முறை கேட்டது, ஊமப்பாறைக்கு ஓடியது. எதையும் மறைக்கவில்லை. மறைத்து வைக்க இனி எதுவும் இல்லை.

"தெரியலன்னு சொல்லிடுன்னுதான் கலைவாணி சொன்னா. நான்தான் கேக்கல. எங்க தாத்தா எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது மாமா."

ராஜாக்கண்ணு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சோறு ஆறிப்போகும், எல்லாரும் சாப்பிடலாம் என்றார். பேச்சு முடிந்தது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

கலைவாணி வாசலை விட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒரு நிமிசங்கண்ணே."

கன்னியம்மாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அமிர்தியில் வனத்துறை நாற்றுப் பண்ணையில் இருபது வருடமாகப் பையில் மண் நிரப்புகிறவள். அதிகம் பேசாதவள் என்று பேர் எடுத்தவள். பண்ணையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கடைசி ஊரில் கதை எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

சாந்தம்மாள் பதில் சொன்னாள். மொட்டவிளிம்பு அவள் வாழப்போன ஊர், அந்தப் பங்கு அவளுடையது. பூவாயி மலை விளிம்பில் வந்து நிற்கிறாள். அதற்கு மேல் கால் வைக்க மலை இல்லை. கீழே காடு புகை மாதிரி தெரிகிறது. திரும்பலாம் என்று நினைக்கும்போது, கீழேயிருந்து மணிச் சத்தம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஊர் இல்லை, அதனால் கதையும் இல்லை.

கன்னியம்மாள் யோசித்தாள். "கீழன்னா எங்க ஊர்தானே?"

சபையில் ஒரு சலசலப்பு. மலைக்குக் கீழே கதை கிடையாது என்றார் ராஜாக்கண்ணு. யார் வேண்டுமானாலும் ஒட்டுப்போட இது சாக்கு இல்லை என்றார். சாந்தம்மாள் விடவில்லை. பதினான்கு ஊரும் ஒரே நாளில் முளைத்ததா என்று கேட்டாள். அவள் பாவாடை கட்டின வயதில் புதுக்கொல்லை என்ற ஊரே இல்லை. ஏழு குடும்பம் நிலம் தேடிப் போய்க் கொட்டாய் போட்டார்கள். அவர்களுக்கு எது பங்கு? இரண்டு வருடம் யாரும் பெண் கொடுக்கவில்லை. பிறகு அவர்கள் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டு வந்து, இதே மாதிரி ஒரு சபையில் சொன்னார்கள். அதற்கு ஒரு நாட்டு வழக்கு இருக்கிறது. பொண்ணைப் பெத்தவன் வாயைத் திறந்து "அப்புறம்?" என்று கேட்டுவிட்டால் அது பங்கு, சொன்னவர்கள் ஊர். கேட்கவில்லை என்றால் வெறும் பேச்சு. அன்றைக்குப் புதுக்கொல்லைக்காரர்களிடம் "அப்புறம்?" என்று கேட்டது யார் தெரியுமா? நம்ம அப்பன்தான்டா என்றாள்.

ராஜாக்கண்ணு துண்டை மடியில் போட்டுக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன்."

*

கன்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, மண் நிரப்புகிற கையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

பூவாயி ஓடையில் கால் வைத்து இறங்கி வருகிறாள். உச்சிவெயில். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்துப் பேருக்கு நடுவில், பதினோராவது ஆளாக, காளை.

அந்தக் காலத்தில் ஏது பஸ் ஸ்டாப் என்று ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். உங்க பங்கில் துப்பாக்கி வருதே, அது மட்டும் பூவாயியோடு கூடவே மலையேறிச்சா என்று சாந்தம்மாள் கேட்டாள். பெரியவர் அடங்கினார்.

கன்னியம்மாள் தொடர்ந்தாள். பூவாயி ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உடனே பாரஸ்டர் வந்துவிட்டார். நல்ல மனுசன், ஆனா சட்டம் பேசுகிறவர். யார் மாடு இது? என் மாடு. என்ன அத்தாட்சி? என் மாடு என்னைப் பார்க்கிறதைப் பாருங்கய்யா. அதெல்லாம் செல்லாதும்மா, மாடு எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும். பூவாயி மடியிலிருந்து மணியை எடுத்துக் காட்டினாள். பாரஸ்டர் காளையின் கழுத்தைக் காட்டினார். அங்கே அதே மாதிரி இன்னொரு மணி. இப்ப சொல்லு, எது நெசம்?

சபையில் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். ராஜாக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவாயி யோசிச்சா. காளையோட வலது கொம்புல ஒரு வெட்டு இருக்குங்கய்யா, கலப்பை பட்டது, பாருங்க என்றாள். பாரஸ்டர் குனிந்து பார்த்தார். வெட்டு இல்லை. கொம்பு பளபளவென்று நீலக்கலரில் இருந்தது. உன் மாடு இல்லம்மா, போயிட்டு வா என்றார். பூவாயிக்கு உசுரே போச்சு. இத்தனை மலை ஏறி, இத்தனை பேரைக் கேட்டு, கடைசியில் தன் காளை எதிரில் நிற்கிறது, தன்னது என்று சொல்ல வழி இல்லை. போவதற்கு முன் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகலாம் என்று கொம்பைப் பிடித்தாள். கை வழுக்கியது. விரிச்சுப் பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் நீலம். பெயிண்ட் இன்னும் காயவில்லை. துடைத்துப் பார்த்தால், அடியில் அந்த வெட்டு.

"காளை கெடச்சிருச்சே, அப்ப கதை முடிஞ்சிச்சே" என்று ராஜாக்கண்ணு முணுமுணுத்தார். முடிந்த கதை பங்கு ஆகாது. ஜீவானந்தத்துக்கும் அது புரிந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை.

பெயிண்ட் காயலன்னா, அடிச்சவன் தூரம் போயிருக்க மாட்டான். பூவாயி நிமிர்ந்தாள். பத்துப் பேரையும் பார்த்தாள். எல்லார் கையும் சுத்தம். அப்போது பஸ் வந்து நின்றது. பத்துப் பேரும் ஏறினார்கள். ஆனால் கடைசி சீட்டில், பின்வாசல் வழியாக அவர்களுக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட ஒருத்தன், பூவாயியைப் பார்த்ததும் ஜன்னல் ஷட்டரை இழுத்து மூடினான். முகம் தெரியவில்லை. மூடின கை மட்டும் தெரிந்தது.

"நீலக் கை. இடது கை. பஸ்ஸு கெளம்பிடுச்சு."

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பது பேரும் ராஜாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் கட்டிய கையை இன்னும் இறுக்கிக் கட்டினார். அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தார். சாந்தம்மாளைப் பார்த்தார், அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் கலைவாணி மறுபடி வந்து நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. ஒரு நிமிடம் போயிற்று. அந்த ஒரு நிமிடத்தில் பஸ் அமிர்தியை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதுதான் அவர் மண்டைக்குள் ஓடியிருக்க வேண்டும். நெற்றி நரம்பு எழும்பி அடங்கியது.

"பஸ்ஸு வேலூருக்குப் போறதா, இல்ல மேல வர்றதா?"

அது கணக்கில் சேராது என்றாள் சாந்தம்மாள். ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

ராஜாக்கண்ணு பெருமூச்சு விட்டார். கைகளைப் பிரித்தார். கன்னியம்மாள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

கன்னியம்மாள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். "அவ்ளோதாங்கண்ணே எங்க பங்கு."

அதன் பிறகு தார்ப்பாய்க்கு அடியில் யார் பேசுவது யாருக்குக் கேட்டது? பஸ் வேலூருக்குத்தான் போயிருக்கும் என்று ஒரு கட்சி. திருடன் மலையேறித்தான் ஒளிவான், எல்லா ஊரையும் திரும்பச் சுற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. துப்பாக்கிப் பெரியவர், அந்தப் பாரஸ்டர் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று அடித்துச் சொன்னார். காளை அமிர்தி பஸ் ஸ்டாப்பில் நின்றது என்று சாந்தம்மாள் மூன்று முறை உரக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சபை ஆமாம் போட்டது. பதினைந்தாவது ஊர். ஆவணி மாதம் நல்ல நாள் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஊமப்பாறைப் பங்கைத் திருடின குற்றத்துக்கு, கலியாணத்துக்கு வருகிற ஊமப்பாறைக்காரர்கள் அத்தனை பேரையும் மாப்பிள்ளையே தன் லோடு வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும் என்று தீர்ப்பு. அந்தக் கல் ரோடு அவனுக்குத்தான் தெரியுமே என்றார்கள்.

ஜீவானந்தம் சாப்பிட உட்கார்ந்தான். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, இலை ஓரத்தில் பலாச்சுளை. நான்கு நாளாக இறங்காத சோறு இன்று நன்றாக இறங்கியது. எதிர்ப் பந்தியில் ராஜாக்கண்ணு கோபால்சாமியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, உங்க அக்கா வூட்ல ஏதாச்சும் பேச்சு அடிபட்டிருக்குமே, அந்த ஆளு யாரு என்று தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார். கோபால்சாமி தனக்குத் தெரிந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டார்.

குழம்பு ஊற்ற வந்த கலைவாணி ஜீவானந்தத்தின் இலை முன்னால் நின்றாள். கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் கரண்டி நிறைய மொச்சை இருந்தது.

"நெசமா சொல்லு. பஸ்ஸுல போனவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றான். இந்த ஒரு வாரத்தில் அவளிடம் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

அவள் கரண்டியை இலைக்கு மேல் நிறுத்திப் பிடித்தாள்.

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் உளறியிருப்ப" என்று சொல்லிவிட்டு மொச்சையை ஊற்றினாள்.